சவூதிக்குப் போன படக்கதைகள்

விளாங்குடியில் வீடு கட்டி நாங்கள் குடிபோனபோது எனக்குப் பத்து வயது. டவுனுக்குள் சந்து வீட்டில் இருந்தவரை, பெரியம்மா பிள்ளைகள் யார்மேலாவது இடித்துக்கொள்ளாமல் வாசலுக்குப் போக முடியாது. இங்கே கதவைத் திறந்தால் கருவேலஞ்செடிகளும் கல் ஊன்றிய பிளாட்டுகளும்தான். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா சவூதியில் சம்பாதித்துக் கட்டிய வீடு என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். மொசைக் தரையைப் புகழ்ந்தார்கள், பிரியாணி சாப்பிட்டார்கள், பஸ் பிடித்து டவுனுக்குத் திரும்பிவிட்டார்கள். நானும் அம்மாவும் ஒரு டிவியும் மிஞ்சினோம்.

அம்மா அதிகம் பேசமாட்டார். டிவி பேசும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படம், செவ்வாய்க்கிழமை நாடகம், நடுவில் வயலும் உரமும் பற்றிய நிகழ்ச்சி வரை ஒன்றையும் விட்டதில்லை. பார்த்ததைப் பற்றியெல்லாம் எனக்கு அபிப்பிராயங்கள் இருந்தன. கேட்கத்தான் ஆள் இல்லை. அம்மாவிடம் சொன்னால், "படந்தானடி, விடு" என்று அரிசி களையப் போய்விடுவார். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஒருத்தியாக இருப்பது எப்படி என்று அந்த வயதிலேயே பழகிக்கொண்டேன்.

அப்போதெல்லாம் சவூதிக்குக் கடிதம் எழுதுவதைவிடக் கேசட்டில் பேசி அனுப்புவதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். லீவு முடிந்து யாராவது திரும்பும்போது கொடுத்தனுப்புவோம். ஒரு பக்கம் முழுக்க அம்மா கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். என்னிடம் பேசாததையெல்லாம் அதில்தான் பேசினார் போலிருக்கிறது. மறுபக்கம் எனக்கு. சலாம் சொல்லி, நலம் விசாரித்து, ரேங்க் சொல்லி முடித்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. மீதிக்கு என்ன செய்வது? படக்கதை சொல்ல ஆரம்பித்தேன்.

சும்மா சொல்லவில்லை, மார்க் போட்டுச் சொன்னேன். "வயித்துல கத்திய வச்சுக்கிட்டு நாலு நிமிசம் வசனம் பேசுறாரு அத்தா. எனக்குச் சளி புடிச்சாலே பேச முடியல. இந்தப் படத்துக்கு முப்பத்தஞ்சு. அதுவும் தங்கச்சியா வந்த அக்கா நல்லா அழுததுக்காகப் போட்டது." செவ்வாய்க்கிழமை நாடகத்தில் மாமியார் வாராவாரம் ஒரே பச்சைச் சேலையைக் கட்டியதால் ஐந்து மார்க் குறைத்தேன். என்னிடம் நூறு வாங்கிய படமே கிடையாது.

பதில் கேசட் வர இரண்டு மாதமாகும். நல்லா சாப்பிடு, நல்லா படி, அம்மா பேச்சைக் கேள் என்று அத்தா கடமையை முடிப்பார். அப்புறம் குரல் மாறும். "அந்தத் தங்கச்சிப் புள்ளைக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையாம்மா? அம்போன்னு விட்டுட்டியே. பெறகு என்னாச்சு?"

என்னைப் பார்த்து "பெறகு என்னாச்சு" என்று கேட்கவும் உலகத்தில் ஓர் ஆள் இருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாவம், பாலைவனத்தில் படமே பார்க்காமல் கிடக்கிறார், நான்தான் அவருக்குப் படம் காட்டுகிறேன் என்று நம்பினேன். நோட்டும் பென்சிலுமாக டிவி முன்னால் உட்காரத் தொடங்கினேன். ஒருநாள் கிளைமாக்ஸில் கரண்ட் போய்விட்டது. அத்தாவுக்கு முடிவை எப்படிச் சொல்வேன் என்று நான் அழுத அழுகையைப் பார்த்து அம்மா பயந்துவிட்டார்.

மறுவருடம் அத்தாவுடன் ஒரே ரூமில் தங்கியிருந்த சோழவந்தான்காரர் ஒருவர் லீவில் வந்தார். அத்தா கொடுத்துவிட்ட சோப்பையும் தைலத்தையும் கேசட்டையும் எடுத்துவைத்தார். டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது பாத்த படமாச்சே" என்றார்.

"அங்க ஏது படம்?" என்றேன்.

"என்ன பாப்பா இப்புடிக் கேட்டுட்ட? ரூம்ல வீடியோ டெக் இருக்கு. வெள்ளிக்கெழம லீவுன்னா மூணு படம் ஓடும். நீ கேசட்ல சொல்றது அம்புட்டும் ஒங்கத்தா எங்ககூட உக்காந்து பாத்ததுதான். பாத்துட்டு ஒன் கேசட்டயும் போட்டுப் போட்டுக் கேப்பாரு. எங்க யாரையும் வாயத் தெறக்க விடமாட்டாரு."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். எனக்குக் காது சுட்டது. அத்தா எல்லாம் தெரிந்துகொண்டே தெரியாதவர் மாதிரிக் கேட்டு, சின்னப்பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டியிருக்கிறார். சோழவந்தான்காரர் போனதும் நோட்டைக் கிழித்துப் போட்டேன். அவர் சவூதிக்குத் திரும்பும்போது கொடுத்தனுப்பிய கேசட்டில், "நல்லா இருக்கேன். நல்லா படிக்கிறேன். அம்மா பேச்சக் கேக்குறேன்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். "இம்புட்டுத்தானா?" என்றார் அம்மா. "இம்புட்டுத்தான்" என்றேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அத்தா கோபித்துக்கொள்ளவில்லை. என்ன ஆயிற்று என்று விசாரிக்கவும் இல்லை. கொஞ்சம் இருமினார். பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் ஒரு படம் பாத்தேம்மா, கதை சொல்லட்டுமா?" என்றார்.

அவருக்குக் கதை சொல்ல வரவே வராது. இடைவேளைக்குப் பின்னால் வருவதை முதலில் சொல்லிவிட்டு, "இல்ல இல்ல, அதுக்கு முந்தி" என்று திரும்பிப் போனார். போலீஸ்காரனை வக்கீல் ஆக்கினார். "வில்லன் ஆளு வாட்டசாட்டமா இருந்தான். அவனுக்கு ஒரு அறுவது மார்க் போடலாமாம்மா?" என்று கேட்டுவிட்டு, நான் எதிரே உட்கார்ந்திருப்பதுபோலச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

அது நான் போன மாதமே பார்த்த படம். முடிவு எனக்குத் தெரியும். பட்டனை அழுத்தி நிறுத்திவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். கேசட்டுகளை அழித்து அழித்துத்தான் மாறி மாறி அனுப்புவோம். அடுத்த வாரம் அம்மா அதன்மேலேயே பதிலைப் பேசி அனுப்பிவிட்டார். மீதிக் கதையில் அத்தா இன்னும் என்னென்ன தப்பாகச் சொன்னாரோ, எத்தனை இடத்தில் நிறுத்தி என் பதிலுக்குக் காத்திருந்தாரோ, எனக்குத் தெரியாது. முடிவு தெரிந்த கதையை ஒரு மனிதர் எதற்காகத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.