திரும்பிப் போவேன் என்று எழுதியவரின் ஃபைல்

1. டிக்லைன்

நான் டிக்லைன் என்று நிராகரித்த ஃபைல்களில் ஒன்றே ஒன்றுதான் என் மேஜைக்கு நடந்து வந்து எனக்கு சல்யூட் அடித்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரின் நியூ லின் ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு தொழிற்கல்லூரியில், கட்டணத் தகுதிப் பிரிவில் பல வருடங்கள் இருந்தேன். விண்ணப்பிப்பவர் டொமெஸ்டிக்கா இன்டர்நேஷனலா என்று முடிவு செய்வது என் வேலை. டொமெஸ்டிக் என்றால் உள்நாட்டுக் கட்டணம், அவர் படிப்பார். இன்டர்நேஷனல் என்றால் கட்டணம் சில மடங்கு. பெரும்பாலும் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஆட்களின் தலையெழுத்தை நான்தான் எழுதுகிறேன் என்று முதல் வருடம் நினைத்துக்கொண்டேன். எழுதுவது செக்லிஸ்ட், நான் டிக் மட்டும் போடுகிறேன் என்பது இரண்டாம் வருடம் புரிந்தது.

முன்னாள் படைவீரர்களுக்கு எங்கள் கல்லூரியில் ஒரு சலுகை உண்டு. எந்த நாட்டுப் படையாக இருந்தாலும் ஒழுங்காகப் பணி முடித்திருக்க வேண்டும். ஆக்லாந்தில் குடியிருக்க வேண்டும். தொடர்ந்து இங்கேயே இருக்கும் எண்ணமும் வேண்டும். மூன்றுக்கும் டிக் விழுந்தால், விசா எதுவானாலும் உள்நாட்டுக் கட்டணம்தான்.

செல்வராஜ் இந்திய ராணுவத்தில் பதினேழு வருடம் லாரி எஞ்சின் பழுது பார்த்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வேலூர் பக்கம். மனைவி ஆக்லாந்தின் மங்கரே பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவருடைய விசாவை ஒட்டி இவரும் மகளும் வந்திருந்தார்கள். செல்வராஜ் பக்கத்துப் பகுதியான விரியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அதே கிடங்கின் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் இடம் ஒன்று காலியாக இருந்தது. எங்கள் கனரக வாகன டிப்ளமோவில் சேர்ந்ததற்குக் கடிதம் காட்டினால் அந்த இடம் அவருக்கு. சேர்க்கை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இது திங்கட்கிழமை.

ஃபைல் பார்க்க அழகாக இருந்தது. ஒவ்வொரு தாளும் மூன்று நகல், பக்க எண், மூலையில் பச்சை நூல். பணிச் சான்று இருந்தது, டிக். வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில் இருந்தன, டிக். செக்லிஸ்ட்டின் மூன்றாவது கட்டத்துக்காகக் கடிதத்தைப் பிரித்தேன். “விசாக் காலம் முடிந்தவுடன் தாய்நாடு திரும்பி, பெற்றோரையும் விவசாய நிலத்தையும் கவனித்துக்கொள்வேன் என உறுதி கூறுகிறேன்” என்று அழுத்தமான ஆங்கிலத்தில் இருந்தது. கூடவே இரண்டு ஏக்கர் நஞ்சைக்குப் பட்டா, கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த சான்று, வீட்டு வாசலில் அப்பாவும் அம்மாவும் விறைப்பாக நிற்கும் போட்டோ.

தன்னைத் தானே தகுதி நீக்கம் செய்ய இவ்வளவு ஆதாரம் சேர்த்தவரை நான் அதுவரை பார்த்ததில்லை. டிக்லைன் போட்டேன். சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது.

2. சல்யூட்

மறுநாள் மதியம் ஷிஃப்ட் முடிந்த கையோடு, கிடங்கு ஆட்கள் போடும், தூரத்திலேயே கண்ணில் படுகிற மஞ்சள் ஹை-விஸ் சட்டையில் வந்து நின்றார். சல்யூட் அடித்தார். எனக்கு யாரும் அதுவரை அடித்ததில்லை. பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

“சார், என்ன தப்புன்னு தெரிஞ்சுக்கலாமா?”

“ஊருக்குத் திரும்பிப் போறேன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே.”

“அது விசாவுக்கு ஏஜென்ட் அடிச்சுக் குடுத்தது சார். ஊருக்கே திரும்பி வருவேன்னு எழுதலைன்னா விசா வராதுன்னாரு. பட்டா வெச்சாத்தான் நம்புவாங்கன்னாரு.”

“அதை எதுக்கு இங்க வெச்சீங்க?”

“ஆர்மியில ஒரு பேப்பர் கம்மியானா ஃபைல் திரும்பி வந்துரும் சார். ஒண்ணு அதிகமா இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க.”

அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்தால் நான் முட்டாள்தனமாக ஏதாவது செய்வேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“ஒண்ணு பண்ணுங்க. இங்கயே இருப்பேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. பழைய லெட்டரை எடுத்துடறேன்.”

“அதுல என் கையெழுத்து இருக்கு சார்.”

“அதனாலதான் எடுத்துடலாங்கறேன்.”

“அப்ப ரெண்டுல ஒண்ணு பொய்யாயிடுமே சார்.”

“எது பொய்?”

அவர் ஃபைலில் இருந்த அப்பா அம்மா போட்டோவைப் பார்த்தார். போட்டோவை மட்டும் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார். முடிவான ஃபைலிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று விதி எண்ணோடு விளக்கினேன். ஒரு நிமிடம் முன்னால் கடிதத்தையே எடுக்கத் தயாராக இருந்தவன் நான். அவர் அதைச் சுட்டிக்காட்டவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

3. சிவகாமி அக்கா

எங்கள் பிரிவின் தலைவி சிவகாமி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். புதன்கிழமை ஃபைலை அவரிடம் கொண்டுபோனேன். முதல் பக்கத்திலிருந்து போட்டோ வரைக்கும் மூன்று நகல்களையும் படித்தார்.

“நீங்கள் இந்த மனுசனோட கதைச்சனீங்களோ, கடுதாசியோட கதைச்சனீங்களோ?”

“எழுதிக் குடுத்ததைத்தானே அக்கா பார்க்கணும்?”

“ஓம். நீங்களும் ஸ்டூடன்ட் விசாவில வந்த ஆள்தானே. என்ன எழுதிக் குடுத்தனீங்கள்?”

படிப்பு முடிந்ததும் தாய்நாடு திரும்பி என் திறமையை நாட்டுக்கு அர்ப்பணிப்பேன் என்று எழுதியிருந்தேன். அதைச் சொன்னேன்.

“எப்ப போறீங்கள்?”

நான் ஃபைலைப் பார்த்தேன்.

“நான் அகதியா வந்தனான்,” என்றார் அக்கா. “திரும்பிப் போகேலாது எண்டு எழுதினால்தான் எங்களை ஏற்பினம். அம்மா அங்க இருக்கேக்க அதை எழுதினனான். உங்கட ஆக்களிட்ட ஒரு மாதிரி எழுதி வாங்கினம், எங்களிட்ட இன்னொரு மாதிரி. அந்த மனுசனைக் கூப்பிடுங்கோ. ஏஜென்ட் இல்லாமல் தன்ர கையால எழுதட்டும். தமிழில எழுதினாலும் பரவாயில்லை, நான் இங்கிலீஷில போட்டு வைக்கிறன். பழைய கடுதாசி ஃபைலிலயே கிடக்கட்டும்.”

4. வெள்ளைத் தாள்

செல்வராஜ் வியாழக்கிழமை வந்தார். ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தேன். முதலில் தேதி போட்டார், பிறகு முழுப்பெயர். அதற்குப் பிறகு வெகுநேரம் பேனா அசையவில்லை. நான் கம்ப்யூட்டரில் வேலை செய்வதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன். அவர் எழுதியது இது:

“முந்தைய கடிதத்தை எழுதியது ஏஜென்ட். ஆனால் கையெழுத்துப் போட்டபோது எனக்கும் அது உண்மைதான். நிலம் இருக்கிறது. அப்பா மாசி மாதம் இறந்துவிட்டார். லீவு கொடுத்தார்கள். டிக்கெட்டும் கிடைத்தது. மகளுக்குப் பரீட்சை, மனைவிக்கு டியூட்டி என்று சொல்லி நான் போகவில்லை. காரியத்தை ஃபோனில் பார்த்தேன். அன்றைக்கே போகாதவன் இனி போகமாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போக ஆசை உண்டு. ஆக்லாந்தில்தான் இருப்பேன்.”

அக்கா இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“டிக் போடுங்கோ.”

போட்டேன். சேர்க்கைக் கடிதத்தைப் பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன்.

“அப்ப நான் இந்த ஊர்க்காரனா சார்?”

“ஃபீஸ் விஷயத்துல மட்டும்.”

அவர் சிரித்தார். பிறகு கடிதத்தை மடித்து ஹை-விஸ் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். டிக் விழுந்த ஆள் உடனே எழுந்து போவதுதான் வழக்கம். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன்.

5. கற்றுக்கொண்டது

அதற்குப் பிறகு மூன்றாவது கட்டத்துக்கு ஏஜென்ட் கடிதம் வந்தால், ஆளை நேரில் கூப்பிட்டு வெள்ளைத் தாள் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். சிலர் இரண்டு நிமிடத்தில் எழுதித் தந்துவிட்டுப் போவார்கள். சிலர் வெளியே போய் யாருக்கோ ஃபோன் பேசிவிட்டு வருவார்கள். இதில் வேலை தாமதமாகிறது என்று இரண்டு முறை எனக்கு மெமோ வந்தது. இரண்டுக்கும் பணிவாகப் பதில் எழுதினேன், வழக்கத்தை மாற்றவில்லை. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வதும் அவ்வளவுதான்: டிக் போடுவதற்கு முன்னால் ஆளோடு பேசுங்கள்.

ஓய்வு பெற்ற அன்று மேஜையைக் காலி செய்யும்போது, மீதியிருந்த தாளில் ஒன்றை எடுத்து நானும் எழுதிப் பார்த்தேன். ‘போக ஆசை உண்டு’ என்பது சுலபமாக வந்துவிட்டது. பேரன் பேத்தியும் மார்ட்கேஜ் கடன் முடிந்த வீடும் இங்கே இருந்தும், ‘ஆக்லாந்தில்தான் இருப்பேன்’ என்ற அடுத்த வாக்கியத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. இத்தனை வருடம் எத்தனையோ பேரிடம் அதைக் கேட்டு வாங்கி ஃபைலில் வைத்தவன் நான். வெட்கமாக இருந்தது.