லோடு வெடித்தால் பாயிண்ட்

மாமா கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்கு முன் செருப்பைக் கழற்றிவிடுவார். வாசலிலேயே கழற்றச் சொல்லிப் பலகை எழுதி மாட்டியிருந்தோம். அதை அவர் பொருட்படுத்தியதில்லை. மேஜைக்கு அடியில், லாரி கேபினுக்குள் கழற்றிப் போடுவதைப் போலத்தான் கழற்றுவார். பிறகு கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இடது பக்கமும் வலது பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொள்வார். லாரியாக இருந்தால் அங்கே கண்ணாடிகள் இருந்திருக்கும். எங்கள் சென்டரில் இடது பக்கம் ஒரு பிளைவுட் தடுப்பும், வலது பக்கம் சிவகாசி காலண்டர் ஒன்றும்தான் இருந்தன. அதனாலென்ன, பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது என்பது அவர் கையில் ஊறிய பழக்கம்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்த சமயம். விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ஆறு கம்ப்யூட்டர்களோடு இருந்த அந்த பிரவுசிங் சென்டரில், கல்லூரியை முடித்த கையோடு நான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மாமா என் அம்மாவின் தம்பி. சிவகாசியிலிருந்து வடக்கே நாக்பூர், இந்தூர் என்று பட்டாசு லோடு ஏற்றிப்போகும் லாரி டிரைவர். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அவரைக் கண்ணால் பார்க்க முடியாது. சீசன் முடிந்துவிட்டால் அடுத்த லோடு வரும்வரை வாரக்கணக்கில் ஊரில்தான் இருப்பார், என்ன செய்வதென்று தெரியாமல். வீட்டில் இருக்கிற மின்விசிறியைக் கழற்றி மாட்டுவார். அத்தை அவரை வெளியே துரத்திவிடுவாள்.

அப்படித் துரத்தப்பட்ட ஒரு நாளில், லைசென்ஸை நகலெடுக்க எங்கள் சென்டருக்கு வந்தார். நகல் மெஷின் சூடாகிற வரை பக்கத்து கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்ததை நின்று பார்த்தார். ஒரு பச்சை லாரி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் திறந்த தொட்டியில் இருபத்துநான்கு மரப்பெட்டிகள். விளையாடிக்கொண்டிருந்த கல்லூரி மாணவன் ஒரு வளைவில் வேகமாகத் திருப்பினான். நான்கு பெட்டிகள் உருண்டு பள்ளத்தில் விழுந்தன. மாமா தன்னையறியாமல் வலது காலால் தரையை அழுத்தினார். "செகண்டுக்கு மாத்து தம்பி, செகண்டுக்கு மாத்து" என்றார். நகலை வாங்கிக்கொள்ளாமலே அன்று போய்விட்டார். மறுநாள் காலையில் திரும்பி வந்தது நகலுக்காக அல்ல.

அந்த விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் நீளமான ஒரு பெயர் இருந்தது. எங்களுக்கு அது 'லோடு கேம்'. துப்பாக்கி இல்லை, சண்டை இல்லை. ஏற்றிய பெட்டிகளை மலைக்கு அந்தப் பக்கம் உள்ள கிட்டங்கியில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் பெட்டிகள் முன்னால் சரியும். மேட்டில் கியர் தவறினால் பின்னால் சரியும். முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் தொப்பி போட்ட ஒரு கிழவர் வந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வார். மாமா அவருக்குக் 'குடோன்காரர்' என்று பெயர் வைத்தார். "இருவது வருசமா லோடு இறக்குதேன். ஒரு குடோன்லயும் எவனும் எனக்கு எந்திரிச்சு நின்னதில்ல. இவரு தொப்பியைத் தூக்குதாரு பாரு தாயி" என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இரண்டு சீசன் இடைவெளிகளுக்குள் அந்த விளையாட்டின் எல்லாப் பாதைகளும் அவருக்கு மனப்பாடமாகிவிட்டன. அவர் யாரைவிடவும் வேகமாக ஓட்டியதில்லை. ஆனால் பெட்டி விழாது. கல்லூரி மாணவர்கள் ஒரு பாதையில் மாட்டிக்கொண்டால் "அண்ணாச்சி, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிடுவார்கள். தன் கூட்டாளியான சாத்தூர் டிரைவரையும் அழைத்து வந்து பழக்கினார். அந்த மனிதர் அரைமணி நேரம் விளையாடிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஏலே, இதுக்கு நெசமாவே நாக்பூர் போயிட்டு வந்துரலாம்லே" என்றார்.

அந்த நிலையில்தான் இரண்டாம் பாகம் வரப்போவதாக இன்டர்நெட்டில் படித்து நான் மாமாவிடம் சொன்னேன். அந்த வருடம் சீசன் முழுக்க, வழியில் எங்காவது எஸ்.டி.டி. பூத்தில் வண்டியை நிறுத்தி அத்தையிடம் நலம் விசாரித்த பிறகு என்னைக் கூப்பிட்டு, "அது வந்துருச்சா?" என்று கேட்பார். என்னவெல்லாம் இருக்கும் என்று அவராகவே யோசித்தும் வைத்திருந்தார். மழை இருக்கும். தார்ப்பாய் கட்டுகிற வேலை இருக்கும். கயிறு தளர்ந்தால் இறங்கிப்போய் இறுக்க வேண்டியிருக்கும். ரயில்வே கேட் இருக்கும். "கேட்ல நின்னா இஞ்சினை அணைக்கணும். அதையும் வச்சிருப்பான். விவரம் தெரிஞ்சவன்தான் பண்ணியிருக்கான்" என்றார். அந்த விளையாட்டைச் செய்தவர் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு.

தீபாவளி முடிந்து மாமா ஊர் திரும்பிய வாரத்தில் எங்கள் முதலாளி மதுரையிலிருந்து அந்த சிடியை வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சாத்தூர் டிரைவரோடு இன்னும் மூன்று டிரைவர்கள். எல்லோருக்கும் சேவும் காபியும் வாங்கிக் கொடுத்தார். "வாங்க, இங்கன உக்காருங்க, நல்லாத் தெரியும்" என்று கல்யாண வீட்டில் வரவேற்பதைப் போல ஒவ்வொருவரையும் இடம் பார்த்து உட்கார வைத்தார். நான் விளையாட்டைத் தொடங்கினேன்.

பச்சை லாரியைக் காணவில்லை. அதன் இடத்தில், பக்கவாட்டில் தீ ஜுவாலை வரைந்த சிவப்பு லாரி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. காதைக் கிழிக்கிற இசை. மாமா வழக்கம்போல நிதானமாக எடுத்தார். பத்து நொடிக்குள் பின்னாலிருந்து இரண்டு ஜீப்புகள் வந்து மோதின. ஒரு பெட்டி கீழே விழுந்தது. விழுந்த பெட்டி பெரும் சத்தத்தோடு வெடித்து, திரை முழுக்கத் தீப்பிழம்பு எழுந்தது. அதன் நடுவே தங்க எழுத்தில் நூறு பாயிண்ட் என்று வந்தது. மாமா கையை எடுத்துவிட்டார். லாரி தானாகப் போய்ப் பாறையில் மோத, எல்லாப் பெட்டிகளும் வரிசையாக வெடித்தன. ஆயிரம், இரண்டாயிரம் என்று பாயிண்டுகள் ஏறின. அபாரம் என்று ஒரு குரல் ஆங்கிலத்தில் கத்தியது. யாரும் சேவைத் தொடவில்லை.

"குடோன்காரரு எங்க?" என்று கேட்டார் மாமா.

தேடிப் பார்த்தேன். இந்தப் பாகத்தில் கிட்டங்கிக் கிழவர் இல்லை. பெட்டிகளை எண்ணுவதற்கு ஆளே இல்லை. சேர்க்கிற பெட்டிக்கு மதிப்பெண் கிடையாது, வெடிக்கிற பெட்டிக்குத்தான்.

"லோடு வெடிச்சா பாயிண்டா?" மாமா எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே மாடிப்படிக்குப் போய்விட்டார். பின்னாலேயே போனேன். எங்கள் ஊர்ப்பக்கம் பட்டாசு லோடு ஓட்டுகிறவர்கள் சட்டைப்பையில் தீப்பெட்டி வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மாமா பீடி பிடித்ததில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு மலைப்பாதையில் அவருக்கு முன்னால் போன பட்டாசு லாரி தீப்பற்றிக்கொண்டது. அந்த டிரைவர் குதித்துத் தப்பிவிட்டார் என்பதுவரை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. படியில் உட்கார்ந்து பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே, "அவன் லாரி ஓட்டுனவன் இல்ல தாயி" என்றார். விளையாட்டைச் செய்தவரைத்தான் சொன்னார். நெருங்கிய ஒருவர் ஏமாற்றிவிட்டதைச் சொல்கிற குரல் அது.

மறுநாள் விளையாட்டைச் செய்தவருக்கே கடிதம் எழுத வேண்டும் என்று வந்து நின்றார். அவர் சொல்லச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் ஈமெயிலாகத் தட்டினேன். "ஐயா, நான் வெடி லோடு ஓட்டுறவன். உங்க மொத விளையாட்டுல ஒரு தப்பு கிடையாது. ரெண்டாவது விளையாட்டை யாரோ உங்களை ஏமாத்தி மாத்திட்டாங்கன்னு நெனைக்கேன். பெட்டியைக் கொண்டுபோய்ச் சேக்குறதுதான் வேலை. வெடிக்க வைக்கதுக்கு டிரைவர் எதுக்கு?" என்று போயிற்று அது. கடைசியில் ரயில்வே கேட் பற்றியும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் புதிய விளையாட்டை மகிழ்ச்சியோடு விளையாடுங்கள் என்று. மாமா அதை அச்செடுக்கச் சொல்லிக் கையில் வாங்கிப் பார்த்தார். "கையெழுத்தே போடல பாரு" என்றார்.

இன்று நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். எங்கள் செயலியின் புதிய வடிவம் வெளியாகும் ஒவ்வொரு முறையும், பழையதே நன்றாக இருந்தது என்று கோபமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கூட வேலை செய்கிறவர்கள் அவற்றைச் சத்தமாகப் படித்துச் சிரிப்பதுண்டு. நானும் சிரிப்பேன். ஆனாலும் ஒன்றுவிடாமல் கடைசி வரி வரை படித்துவிடுவேன். பெரும்பாலான கடிதங்களில் கடைசி வரியில்தான் ரயில்வே கேட் இருக்கும்.

அந்தப் பதில் வந்த பிறகு, மாமா இனிமேல் சென்டர் பக்கம் வரமாட்டார் என்றுதான் அன்று நினைத்தேன். பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் வந்தார். முதல் பாகத்தைத் திறக்கப் போனேன். "அது வேண்டாம். ரெண்டாவதைப் போடு" என்றார். "வெடிக்காம ஓட்ட முடியுதான்னு பாக்கணும்."

முடியவில்லை. ஜீப்புகள் விடாமல் மோதின. பெட்டிகள் வெடித்துக்கொண்டேயிருந்தன, அவர் விரும்பாத பாயிண்டுகள் குவிந்துகொண்டேயிருந்தன. ஒவ்வொரு பாயிண்டுக்கும் "சனியனே" என்பார். நான்காவது நாள் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஜீப் பின்னால் நெருங்குகிறபோது இவர் முடுக்கவில்லை. வண்டியை இடதுபக்கம் ஒதுக்கி, அப்படியே நிறுத்திவிட்டார். மோத வந்த ஜீப், மோத ஒன்றுமில்லாமல் நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. இரண்டாவது ஜீப்பும் அப்படியே. மாமா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்படியொரு சந்தோஷம். "அவசரப்படுறவனுக்கு வழி விட்டுறணும் தாயி. நாக்பூர் ரோட்டுல தெனமும் இதான பண்ணுதோம்!"

அதன்பிறகு அது எங்கள் சென்டரில் வேறொரு விளையாட்டாக மாறிப்போனது. கல்லூரி மாணவர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு தாங்களும் முயன்று தோற்றார்கள். வெடிக்க வைப்பது யாருக்கும் சுலபம்; வெடிக்காமல் சேர்ப்பதுதான் பெரும்பாடு. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதி, யார் எத்தனை பெட்டி முழுசாகச் சேர்த்தார்கள் என்று குறித்துச் சுவரில் ஒட்டினோம். மாமா பத்தொன்பது. சாத்தூர் டிரைவர் இருபத்தொன்று. ஆகாத சம்பந்தி போல இருவரும் ஒரு வாரம் முறைத்துக்கொண்டார்கள்.

அடுத்த சீசனின் முதல் லோடு ஏற்றுவதற்கு இரண்டு நாள் முன்பு அது நடந்தது. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். மாமா கடைசி வளைவில் நான்கு ஜீப்புகளுக்கு வழிவிட்டு, நான்கையும் பள்ளத்துக்கு அனுப்பிவிட்டு, மாட்டுவண்டி வேகத்தில் எல்லைக் கோட்டைத் தாண்டினார். இருபத்துநான்கு பெட்டிகளும் தொட்டியில் இருந்தன. திரை இருண்டது. பாயிண்ட்: பூஜ்யம். நீங்கள் படுதோல்வி அடைந்துவிட்டீர்கள் என்று சிவப்பெழுத்தில் வந்தது. சென்டரே எழுந்து நின்று கைதட்டியது. சாத்தூர் டிரைவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, இரண்டு கையாலும் மாமாவின் தோளில் போட்டார். மாமா துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். சிவப்பெழுத்தைக் காட்டி, "தோத்துட்டேன்னு போடுதான்" என்று மட்டும் சொன்னார். அப்படியொரு பெருமையோடு தோற்ற மனிதரை நான் அதன்பிறகு பார்த்ததில்லை.

மூன்றாம் பாகம் வந்தபோது எனக்குச் சென்னையில் வேலை கிடைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ரசிகர்கள் எழுதிய கோபக் கடிதங்களைக் கேட்டு, பெட்டிகளைப் பத்திரமாகச் சேர்க்கிற பழைய முறையையே மறுபடி கொண்டுவந்துவிட்டார்கள் என்று படித்தேன். எனக்கே கண் கலங்கிவிட்டது. பொங்கல் விடுமுறைக்கு லேப்டாப்பில் அதை ஏற்றிக்கொண்டு நேராக மாமா வீட்டுக்குப் போனேன். அத்தை, "வா தாயி, சாப்பிட்டியா, மொதல்ல அந்த மனுசனை ஒரு இடத்துல உக்கார வையி. காலையிலருந்து குழாயைக் கழட்டிக்கிட்டு இருக்காரு" என்றாள்.

மாமா உட்கார்ந்தார். வெடி இல்லை, ஜீப் இல்லை. மழை இருந்தது, தார்ப்பாய் இருந்தது, ரயில்வே கேட்கூட இருந்தது. பெட்டி லேசாகச் சரிந்தாலே மணி அடித்தது, லாரி தானே பிரேக் பிடித்துக்கொண்டது. வளைவில் வேகம் கூடினால் ஸ்டியரிங் தானே திரும்பிக்கொண்டது. முதல் தடவையிலேயே இருபத்துநான்கு பெட்டிகளையும் சேர்த்துவிட்டார். பூ மழை பொழிந்தது. மாமா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லா இல்லையா மாமா? நீங்க கேட்டதெல்லாம் வச்சிருக்காங்களே" என்றேன்.

"நான் எங்க தாயி ஓட்டுனேன்? அவனே பிரேக் புடிக்கான், அவனே வளைக்கான். விழவே விழாத பெட்டியைக் கொண்டுபோய்ச் சேக்கதுக்கு நான் எதுக்கு?" லேப்டாப்பை என் பக்கம் மெல்லத் தள்ளிவைத்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்புட்டு நல்லா இருந்த ரெண்டாவதை" என்றார் மாமா, "இப்படிக் கெடுத்து வச்சிருக்கானுகளே."