கேஸ் பங்கில் நின்ற வரிசைத் தட்டுகள்

அப்பா தம் வாடகைக் காரைப் பெட்ரோலிலிருந்து சி.என்.ஜி. எரிவாயுவுக்கு மாற்றியதிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள். புகை குறைவு, செலவு குறைவு என்பது அப்பாவின் கட்சி. டிக்கி முழுவதையும் அடைத்துக்கொண்ட சிலிண்டரை அம்மாவால் சகிக்க முடியவில்லை. நான் எக்கட்சியிலும் சேரவில்லை.

அம்மாவின் ஒரே தம்பியான என் மாமாவின் நிச்சயதார்த்தத்திற்கு, திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரத்துப் பெண் வீட்டுக்கு அந்தக் காரில்தான் புறப்பட்டோம். மற்ற உறவினர்கள் முன்னமே பஸ்ஸில் போயிருந்தார்கள்.

"இந்த கேஸ் டேங்கால நல்ல நேரம் தவறிச்சின்னா நாளைக்கே அதக் கழட்டிடணும்" என்றார் அம்மா. அப்பா சம்மதித்தார்.

டிக்கியில் இடமில்லாததால் வரிசைத் தட்டுகள் எங்கள் மடிகளில் ஏறின. அம்மாவுக்குப் புடவைத் தட்டு, எனக்குப் பூத்தட்டு, மாப்பிள்ளையான மாமாவுக்கு அன்னாசிப்பழம் ஓங்கி நின்ற பழத்தட்டு.

ஆலப்பாக்கம் தாண்டியதும், கேஸ் தீரப் போவதைக் காட்டும் விளக்கு மின்னியது.

"பெட்ரோலுக்கு மாத்துங்க மச்சான்" என்றார் மாமா.

அப்பா சாலையோரத்தில் கேஸ் பங்கைத் தேடத் தொடங்கினார். கேஸ் மீதிருந்த நம்பிக்கையில், இஞ்சினைக் கிளப்புவதற்கு வேண்டியதற்கு மேல் அவர் பெட்ரோல் ஊற்றியிருக்கவில்லை.

வழியிலிருந்த கேஸ் பங்கில் ஷேர் ஆட்டோக்கள் நீண்ட வரிசையில் நின்றன. கேஸ் பிடிக்கும் வண்டியில் ஆள் இருக்கக் கூடாதென்று எங்களை வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். வரிசைத் தட்டைத் தரையில் வைப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆகவே மூவரும் பட்டு உடுத்தி, தட்டேந்தி, வெயிலில் நின்றோம்.

ஆட்டோக்காரர் ஒருவர் தலையை நீட்டினார். "இன்னாண்ணா, பொண்ணு இந்தப் பங்க்லதான் வேல பாக்குதா?"

"செதம்பரத்துலங்க" என்றார் மாமா, அன்னாசிக்குப் பின்னாலிருந்து. "நல்ல நேரம் முடியப் போவுது."

"டேய், மாப்ள வண்டிடா! ஒதுங்குங்கடா!"

ஆட்டோக்கள் இடமும் வலமுமாக விலகின. "சீக்கிரம் புடிச்சி வுடுங்கப்பா, மாப்ளைய விட அன்னாசி ஜாஸ்தி வாடுது" என்றது இன்னொரு குரல். அதுவரை முகத்தை இறுக்கி வைத்திருந்த அம்மா சிரித்துவிட்டார். பிறர் முன் சத்தமாகச் சிரித்தறியாத நானும் தட்டிலிருந்த பூக்கள் குலுங்கச் சிரித்தேன்.

வெள்ளாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில், கேஸில் ஓடியதால் காரின் இழுவை சற்றுக் குறைந்தது. அம்மா அதை உணர்ந்திருப்பார், ஆனாலும் கேஸைக் குறை சொல்லவில்லை. நல்ல நேரத்திலேயே தட்டு மாற்றினோம்.

கேஸ் உண்மையில் லாபமா என்று தோழிகள் கேட்பதுண்டு. புகையும் செலவும் குறைந்தது நிஜம். போன டிக்கியும் பங்கில் காத்திருக்கும் நேரமும் நஷ்டம்தான். ஆனால் டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்திருந்தால் நாங்கள் அந்த வாசலில் நின்றிருக்கவே மாட்டோம். அங்கே சிரித்த அந்தச் சிரிப்பை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது கேஸ் போதுமான அளவு இருந்தது. ஆனாலும் பங்க் நெருங்கியதும் அம்மா, "என்னாங்க, நிறுத்துங்க. அந்த ஆட்டோக்காரவுங்க இருந்தா லட்டு குடுத்துட்டுப் போலாம்" என்றார்.

அப்பா கண்ணாடி வழியே பின்னிருக்கையைப் பார்த்தார். "கேஸ் டேங்க்கு? கழட்டிடணுமா?"

"இருந்துட்டுப் போவுது. பெட்ரோலும் கொஞ்சம் ஊத்தி வையிங்க."