மூடாத இடக்கண்

அன்று காலை அம்மா குடித்த தேத்தண்ணி வாயின் இடது பக்கத்தால் வழிந்து சட்டையில் கொட்டியது. சின்னப்பிள்ளை மாதிரிக் குடிக்கிறாரே என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் சிரித்தார். வலது பக்கம் மட்டும்தான் சிரித்தது. இடது பக்கம் வேறு யாருடைய முகமோ போலத் தொங்கிக்கொண்டிருந்தது. என் சிரிப்பு அதோடு நின்றுபோனது.

எங்கள் ஊரான குருக்கள்மடத்தில் அடுத்த வீடு பெரியம்மாவுடையது. ஓடி வந்தவர், "ஈரத் தலையோட ஃபேனுக்குக் கீழ படுத்தா காத்தடிக்காம என்ன செய்யும்?" என்று அம்மாவையே ஏசினார். ஏசிய கையோடு ஓட்டோவும் பிடித்தார். அப்பா கட்டாரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்ததால் எங்கள் வீட்டு அவசரங்களுக்கெல்லாம் பெரியம்மாதான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மாவைப் புருவத்தை உயர்த்தச் சொன்னார், கன்னத்தை ஊதச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார். இதையே பள்ளிக்கூடத்தில் நாங்கள் செய்தால் அடி விழும். அம்மாவால் எதையும் பாதிக்கு மேல் செய்ய முடியவில்லை. நெற்றியில் ஒரு பக்கம் சுருங்க, மறுபக்கம் வழுவழுவென்று கிடந்தது. ஊதிய காற்று உதட்டோரத்தால் புஸ்ஸென்று போனது. மூளையில் ஒன்றுமில்லை, முகத்துத் தசைகளை அசைக்கிற நரம்புதான் வீங்கியிருக்கிறது, அநேகமாகச் சரியாகிவிடும் என்றார் டொக்டர். இடக்கண் மூடாது, அதற்குச் சொட்டு மருந்து விட்டு, படுக்கும்போது பிளாஸ்டர் ஒட்டவேண்டும். அதிலிருந்து தண்ணீர் வடிந்தால் பயப்படவேண்டாம். அவர் சொன்னபடியே பிறகு சரியானது. ஆனால் அன்றைக்கு என் காதில் நின்றது அந்த 'அநேகமாக' மட்டும்தான்.

அதற்குக் கொஞ்சநாள் முன்புதான் ஒரு செத்தவீட்டில், கிடத்தியிருந்தவரின் திறந்த கண்ணை யாரோ விரலால் இழுத்து மூடுவதைப் பார்த்திருந்தேன். ஒரு மத்தியானம் பிளாஸ்டர் ஒட்டாமலே அம்மா கண்ணயர்ந்துவிட்டார். இடக்கண் வெள்ளை தெரியத் திறந்து கிடந்தது. அம்மாவின் அரைவாசி செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். மிச்ச அரைவாசிக்கும் சாவு எப்போது ஏறுமோ என்று அம்மாவின் முகத்துக்குக் காவலிருந்தேன். அதன்பிறகு அம்மாவை நான் உறங்கவிடவில்லை. தண்ணீர் கேட்டேன், வயிற்றுவலி என்றேன்.

"கொஞ்சம் கண்ண மூட விடு மனே" என்று கெஞ்சுவார். மூடினால் ஒன்றுதானே மூடுகிறது!

அப்பாவுக்கு ஒன்றும் சொல்லக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. போன் கமரா பழுது என்று சொல்லி முகம் காட்டாமலே பேசிவந்தார். ஒருநாள் பின்னேரம் அப்பா, "உன்ட முகத்தப் பாத்து எவ்வளவு நாளாயிட்டு" என்றது எனக்கும் கேட்டது.

"லீவுல வரக்குள்ள பாக்கலாந்தானே" என்று அம்மா சிரித்தபடி சொல்லிவிட்டு போனை வைத்தார். பிறகு வாவித் தண்ணீர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

வழக்கம்போல் காவலுக்குப் போய் முகத்தைப் பார்த்தேன். இடக்கண்ணில் தண்ணீர். அது எனக்குப் பழகிவிட்டது. வலக்கண்ணிலும் தண்ணீர்.

"பெரியம்மா! அம்மாட மத்தப் பக்கத்துக்கும் வந்திட்டு!" என்று ஊரே கேட்கக் கத்தினேன்.

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டு, இரண்டு கண்ணையும் அவசரமாகத் துடைத்தார். வலக்கண்ணை மூடித் திறந்தார். வலப் புருவத்தை உயர்த்திக் காட்டினார்.

"பாரு, இது நல்லாத்தானே இருக்கு. மருந்து பட்டிட்டு மனே, வேற ஒண்டுமில்ல."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேலிக்கு அப்பால் பதறி நின்ற பெரியம்மாவிடம், வெறும் மருந்துதான் என்று சொல்லத் துள்ளிக்கொண்டு ஓடினேன். வலக்கண்ணுக்கு யாரும் மருந்து விடுவதில்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவேயில்லை.