கடைசிச் சீட்டு எடுத்தவள் ஆரம்பாக்கம் போன கதை

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நாற்பத்திரண்டு வயதில், என் வாழ்க்கையின் முதல் பைக் பந்தயத்தில் ஓட்டுவதற்காகத் திருவள்ளூரிலிருந்து ஆரம்பாக்கம் போனேன். மண் தரையில் நடக்கும் பந்தயம் அது. எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வழியும் செலவும் சொல்கிறேன். அதற்கு முன் எங்கள் சீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் அத்தனை மாதம் பொறுத்துப் போனேன் என்பது புரியாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. வீடு திருவள்ளூரை ஒட்டிய திருப்பாச்சூர். அதே தொழிற்சாலையில் பைக் பைத்தியம் பிடித்தவர்கள் பத்து பேர் இருக்கிறோம். பத்து பேருக்கும் சேர்த்து ஒரு பழைய 150 சிசி வண்டி, ஒரு ஹெல்மெட், ஒரு ஜோடி கையுறை. உலைப் பிரிவில் வேலை செய்யும் எளாவூர் ஆல்பர்ட் சீட்டுப் பிடிக்கிறான். ஆளுக்கு மாதம் இரண்டாயிரம், மொத்தம் இருபதாயிரம். சீட்டு எடுத்தவர் அடுத்து வரும் பந்தயத்தில் ஓட்டுவார். பந்தயச் செலவு சீட்டுப் பணத்தில் மட்டும்தான், வீட்டுப் பணத்தில் கை வைக்கக்கூடாது என்பது ஆல்பர்ட் போட்ட சட்டம். இந்தச் சட்டம் இல்லையென்றால் எங்களில் நாலு பேருக்காவது இந்நேரம் வீட்டில் சோறு கிடைத்திருக்காது.

ஏலச்சீட்டு தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். தெரியாதவர்களுக்காக: முதல் சீட்டு சீட்டுப் பிடிப்பவருக்கு. அப்புறம் மாதாமாதம் ஏலம். அவசரக்காரர் மூவாயிரம் தள்ளி எடுத்தால், கையில் பதினேழாயிரம் வாங்கிக்கொள்வார். தள்ளிய மூவாயிரம் எல்லோருக்கும் பிரியும். கடைசிவரை பொறுத்திருப்பவருக்குத் தள்ளாமல் முழுப்பணம். எங்கள் ஊர்ப்பக்கம் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த ஞானம் இது: கடைசிச் சீட்டுதான் லாபம். நான் கெட்டிக்காரி இல்லையா, ஒன்பது மாதம் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் தள்ளிய பணத்தில் ஒரு மிக்ஸிகூட வாங்கினேன்.

பத்தாவது மாதம் என் முறை வந்தது.

வண்டியின் கிளட்ச் வேலை திருவள்ளூரில் நடந்திருந்ததால், ஆல்பர்ட் அவன் மாமாவின் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். மெக்கானிக் கடை வாசலில் பைக்கை ஏற்றிக் கயிறு கட்டி முடித்தபோது காலை ஐந்தேகால்.

"ஏறுக்கா. பனி இன்னாமா கொட்டுது பாரு. ரோடே தெரில."

திருவள்ளூரிலிருந்து தாமரைப்பாக்கம் கூட்டுரோடு, வெங்கல், பெரியபாளையம், ஆரணி, கவரைப்பேட்டை வழியாகப் போனோம். ஆரம்பாக்கம் வரை எழுபத்திரண்டு கிலோமீட்டர். சாலை மோசமில்லை, ஆனால் பனிக்காலத்தில் வேகம் முப்பதைத் தாண்டாது. தாண்டவும் வேண்டாம். வெங்கலைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல் எது, சாலை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெள்ளையாக ஒன்று எங்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு சைக்கிள் வரும், ஒரு மாடு வரும், வந்த சுவடே இல்லாமல் போய்விடும். ஆல்பர்ட் ஏதோ பேசிக்கொண்டே இருந்தான். நான் பாதி கேட்டேன், பாதி தூங்கினேன். தூங்கிய பாதியிலும் பைக் ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

பெரியபாளையத்தில் வேப்பிலை வாசம் வண்டிக்குள் வந்து எழுப்பியது. அம்மனை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். கவரைப்பேட்டையில் இட்லி, வடகறி, டீ, இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்று நாற்பது ரூபாய். கடை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறது, வடகறியைத் தைரியமாகச் சாப்பிடலாம்.

"நாஷ்டா நல்லா துன்னுக்கா. ஹெல்மெட்ட போட்டதும் வவுறு காலியா கீற மாரியே இருக்கும். எனக்கு அப்பிடித்தான் இருந்துச்சு," என்றான் ஆல்பர்ட்.

கும்மிடிப்பூண்டி தாண்டும்போது வெயில் வரத் தொடங்கியது. தினமும் வேலைக்கு வரும் இடம்தான், ஆனாலும் அன்று சிப்காட் புகைபோக்கிகள் பனிக்கு மேலே தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது நான் இதுவரை வராத ஊர் போலிருந்தது. புகை மேலே போகாமல் அப்படியே படுத்திருந்தது. எங்கள் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. உள்ளே போகாமல் அதைக் கடந்து போவது எவ்வளவு சுகம் என்று அன்றுதான் தெரிந்தது.

எளாவூர் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசையாக நின்றதால் இருபது நிமிடம் போயிற்று. இந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து லாரி ஓட்டுநர் எங்கள் பைக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா நைனா, பைக்கு விக்கிறதா? எவ்ளோ டப்பு?"

"விக்கிறதில்ல நைனா. இந்தக்கா இன்னிக்கி ரேஸ் ஓட்டப் போவுது."

அவர் என்னைப் பார்த்தார், பைக்கைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "பாத்து, மெதுவா ஓட்டும்மா," என்றார். பந்தயத்துக்குப் போகிறவளுக்கு இதைவிட நல்ல அறிவுரை யார் சொல்லுவார்கள்?

மைதானம் ஆரம்பாக்கம் போகிற வழியில், நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஏதோ தொழிற்சாலை கட்டச் சமன் செய்து, கட்டாமல் கிடக்கும் நிலம். சுற்றிலும் நெல் கதிர் சாய்ந்து நிற்கிறது, நடுவில் பழைய டயர்களை அடுக்கி ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வளைந்து வளைந்து ஒரு பாதை. எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இனி கணக்கு. புது டயர் ஒரு ஜோடி 8,600, கிளட்ச் வேலை 3,200, டீசல் 1,400. இருபதாயிரத்தில் மீதி 6,800. நுழைவுக்கட்டணம் ஐயாயிரம், ஒருநாள் உரிமம் ஆயிரத்து ஐந்நூறு என்று யாரையும் கேட்காமல் ஆறு மாதத்துக்கு முந்தைய விலையையே மனதில் வைத்திருந்தேன். போக முந்நூறு மிஞ்சும் என்று சந்தோஷம் வேறு.

பதிவு மேசையில் இருந்த பெண் பலகையைக் காட்டினாள். நுழைவு 7,500. உரிமம் 2,500.

"ஏம்மா, இவ்ளோ இல்லையே?"

"எல்லாமே ஏறிடுச்சி மேடம். ஆம்புலன்சு, இன்சூரன்சு, கிரவுண்டு வாடக. போன தபாவே ஏறிடுச்சி. நாங்க மட்டும் இன்னா பண்றது?"

அவள் சொன்னது பொய்யில்லை. ஆல்பர்ட் முதல் சீட்டில் ஓட்டியபோது நுழைவும் உரிமமும் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறுதான். மீந்த பணத்தில் பத்து பேருக்கும் பிரியாணி வாங்கித் தந்தான். பத்து மாதத்தில் என் சீட்டுப்பணம் முழுசாகவே இருந்தது, அது வாங்கக்கூடிய பந்தயம்தான் கையைவிட்டுப் போய்விட்டது. நெல்லுக்கும் நகைக்கும் பொருந்திய ஞானத்தை நான் பைக்குக்கும் போட்டுப் பார்த்திருக்கிறேன். பொறுத்தார் பூமி ஆள்வாராம். ஆளட்டும், பந்தயம் ஓட்ட முடியாது.

"யக்கா, மூவாயிரத்தி எரநூறுதான? நான் போட்றேன். அப்பால பாத்துக்கலாம்," என்றான் ஆல்பர்ட். அவன் மகனுக்கு இரண்டு வாரம் முன்புதான் ஆஸ்பத்திரிச் செலவு. எனக்குத் தெரியும்.

என் போனிலும் பணம் இருந்தது. மகளின் டியூஷனுக்கு வைத்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். கட்டைவிரல் அதன் மேலேயே நின்றது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், தட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். தட்டினால் அடுத்த முறை அவளுடைய புத்தகப் பணம், அதற்கடுத்து வீட்டு வாடகை என்று போகும், எனக்கு என்னைத் தெரியும். போனைப் பைக்குள் போட்டேன்.

"ரூல் நீ போட்டதுதானே?"

"பேஜாரு புட்ச்ச ரூலு," என்று தலையைச் சொறிந்தான்.

அப்போதுதான் அந்தப் பெண், "பிராக்டிஸ் மட்டும்னா ரெண்டாயிரத்தி ஐந்நூறு மேடம். பதினஞ்சி நிமிசம். டைம் எடுக்க மாட்டாங்க," என்றாள். சரி என்றேன்.

பயிற்சி ஓட்டத்துக்கான வரிசையில் போய் நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது பேருக்கு மேல் நின்றார்கள். பக்கத்தில் புதியவர்களுக்கான பந்தய வரிசை, அதில் ஐந்தே ஐந்து பேர். எனக்கு முன்னால் நின்றவர் சென்னையில் பல் மருத்துவராம்.

"மூணு வருஷம் ரேஸ் ஓட்டினேங்க. இப்பல்லாம் பிராக்டிஸோட சரி. இங்க நிக்கிறவங்க பாதிப் பேர் அப்படித்தான்."

பல் மருத்துவருக்கே இந்தக் கதி என்றால், நாங்கள் எல்லாம் எந்த மூலைக்கு?

ஒன்பதரைக்கு எங்களை உள்ளே விட்டார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதல் சுற்றில் பயம் இருந்தது, கை இறுகிப்போயிருந்தது. இரண்டாவது வளைவில் பின்சக்கரம் வழுக்கி, விழப்போகிறேன் என்று நினைத்தேன், விழவில்லை. அதற்குப் பிறகு எனக்கு எடையே இல்லை. முன்னால் போனவர்கள் கிளப்பிய புழுதியில் வெயில் பட்டு எல்லாமே மஞ்சளாக மிதந்தது. வண்டிகள் அதற்குள் நுழைந்து கரைந்தன, நானும் நுழைந்தேன். உள்ளே சத்தம்கூடத் தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. எங்கோ ரயில் போனது, அது நான்தானோ என்று ஒரு கணம் தோன்றியது. எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது கண்ணாடி மங்கிய பிறகுதான் தெரிந்தது. கொடி காட்டி நிறுத்தியபோது, தூக்கத்தில் எழுப்பிவிட்டவர்கள் மேல் வரும் கோபம் வந்தது.

"இன்னாக்கா, சிரிச்சிக்கினே வர?" என்று ஆல்பர்ட் கேட்டான். சிரித்தேனா, தெரியாது.

மதியம் அந்த ஐந்து பேரின் பந்தயத்தைப் பார்த்தோம். ஆறு சுற்று. ஜெயித்தவனைப் பார்த்துப் பொறாமை வந்தது. கடைசியாக வந்தவனைப் பார்த்து அதைவிட அதிகமாக வந்தது. அவனுக்காவது தோற்கக் கிடைத்தது.

போக நினைப்பவர்களுக்கு: ரயிலில் வருவதானால் சென்னையிலிருந்து சூளூர்ப்பேட்டை வண்டியாகப் பார்த்து ஏறுங்கள், மற்றவை பெரும்பாலும் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். ஆரம்பாக்கத்தில் இறங்கினால் ஷேர் ஆட்டோ கிடைக்கும், உள்ளே போக நூறு ரூபாய் கேட்பார்கள், எண்பதுக்கு வருவார்கள். மைதானத்தில் நிழல் கிடையாது, குடை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். கழிப்பறை பெயருக்கு ஒன்று இருக்கிறது, பெண்கள் நெடுஞ்சாலையிலேயே முடித்துக்கொண்டு போவது நல்லது. கட்டணத்தை முந்தின நாள் போன் போட்டுக் கேளுங்கள். நான் மேலே எழுதியிருக்கும் விலையை நம்பிப் போகாதீர்கள், நீங்கள் படிப்பதற்குள் ஏறியிருக்கும்.

எங்களில் இரண்டு பேர் விலகிவிட்டார்கள், கட்டுப்படியாகவில்லை என்று. மீதி எட்டு பேர் மாதம் மூவாயிரம் என்று புதுச் சீட்டு தொடங்கினோம். முதல் சீட்டு வழக்கப்படி ஆல்பர்ட்டுக்கு. நேற்று சாப்பாட்டு நேரத்தில் இரண்டாவது சீட்டு ஏலம். ஒருவர் ஆயிரம் என்றார். இன்னொருவர் ஆயிரத்து ஐந்நூறு.

நான், "எட்டாயிரம்," என்றேன்.

ஆல்பர்ட் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"யக்கா, நஷ்டம்னு தெரிஞ்சிக்கினே கேக்குறியா?"

"தெரிஞ்சிதான் கேக்குறேன். எனக்கு நாப்பத்திரண்டு வயசு ஆல்பர்ட்டு."

அதற்குமேல் யாரும் தள்ளவில்லை. பதினாறாயிரத்தை எண்ணி வாங்கி, ஷிப்ட் முடிந்து பேருந்து ஏறுவதற்கு முன்பே சித்திரைப் பந்தயத்துக்கு நுழைவுக்கட்டணம் கட்டிவிட்டேன்.