சி டிரைவில் இருந்த ரங்கன்

அறிவழகனுக்கு ஒரு பெருமை உண்டு. பெருமைப்பட்டுக்கொள்ள வேறு எதுவும் கையில் இல்லாததால், இருந்த ஒன்றை அந்த மனிதர் கொஞ்சம் அதிகமாகவே சொல்லித் திரிந்தார். "இருவது வருசமா சாப்ட்வேர் எழுதறனுங்க. எங்கிட்ட எவரோட டேட்டாவும் தொலஞ்சதில்லீங்க" என்பார். கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டு, அடுத்து பிரிண்டர் ஏன் பேப்பரைத் தின்கிறது என்று கேட்பார்கள். அதையும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் வருவார்.

வாழப்பாடிப் பக்கம் மரவள்ளி போட்டுப் பிழைத்த குடும்பம் அவருடையது. ராசிபுரத்தில் கம்ப்யூட்டர் படித்தார். கூடப் படித்தவர்கள் பெங்களூருக்குப் பஸ் ஏறியபோது இவரும்தான் ஏறினார். இங்கிலீஷில் கேள்வி கேட்டார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. திரும்பி வந்து, கொண்டப்பநாயக்கன்பட்டியில் வாடகை வீடு பிடித்து, முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு, முட்டை வியாபாரிகளுக்கும் லாரி ஆபீஸ்களுக்கும் சாப்ட்வேர் எழுத உட்கார்ந்தார். இன்டர்நெட்டில் ஓடுகிற வகை இல்லை, அவரவர் ஆபீஸ் மேசைமேல் இருக்கிற பெட்டிக்குள்ளேயே ஓடுகிற வகை. நம் ஊர் முதலாளிகளுக்கு அதுதான் பிடிக்கும். தன் சரக்கு தன் கண்முன்னால் கிடக்க வேண்டும் அவர்களுக்கு.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த அர்த்தநாரியும் அப்படி ஒருவர். பண்ணையில் பாதிப்பேர் வெளிமாநிலத்து ஆட்கள். ஒவ்வொருவருடைய அடையாளக் காகிதத்தையும் ஆபீசில் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஜெராக்ஸ் எடுத்து அட்டைப் பெட்டியில் போட்டு வைத்தால் எலி தின்றது. "கம்ப்யூட்டருக்குள்ளயே போட்டு வெக்கற மாதிரி பண்ணிக் குடுங்க" என்றார் அர்த்தநாரி. அறிவழகன் பண்ணிக் கொடுத்தார். காகிதத்தை ஸ்கேன் செய்து ஒரு பொத்தானை அழுத்தினால், பேருக்கு நேராகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் அவர் செய்ததுதான் ஒழுங்கான வேலை. ஸ்கேன் செய்த கோப்பையே முழுசாக டேட்டாபேசுக்குள் வைத்தார். ஆனால் ஆட்கள் வரவர டேட்டாபேஸ் ஊதிப் பெருத்தது. காசில்லாமல் கிடைக்கிற டேட்டாபேஸ், அதற்கென்று ஒரு கொள்ளளவு. திரை திறக்கவே ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது. "என்னங்க, கட்ட வண்டியாட்ட இழுக்குது" என்று அர்த்தநாரி முகம் சுளித்தார். அன்று மத்தியானமே அறிவழகன் மாற்றிவிட்டார். கோப்புகளை எல்லாம் சி டிரைவில் ஒரு ஃபோல்டருக்கு நகர்த்தினார். டேட்டாபேசில் கோப்பு இருக்கிற இடத்தை மட்டும் ஒரு வரியாக எழுதி வைத்தார். பத்திரத்தைப் பரண்மேல் போட்டுவிட்டு, 'பத்திரம் பரண்மேல் இருக்கிறது' என்று ஒரு சீட்டெழுதிப் பீரோவில் வைத்துப் பூட்டுகிற மாதிரி. திரை சட்டென்று திறந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். பீரோவுக்குள் இப்போது சீட்டுதான் இருக்கிறது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்தார், சொல்லவில்லை, நாளடைவில் அவரே மறந்தும் போனார்.

ஆபீசில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டது அபிநயா என்ற பெண். அவளுக்கு ஒரே ஒரு குறை.

"ஏனுங்ணா, அட்ரசு அடிக்காம உட மாட்டேங்குது உங்க சாப்ட்வேரு. அந்த ஊருப் பேரெல்லாம் எனக்கெங்கீங்ணா தெரியும்? அதான் காயிதத்தையே உள்ள போடறமே, அதையே மறுக்கா எதுக்கு அடிச்சுக்கிட்டு?"

நியாயமாகத்தான் பட்டது. முகவரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பேர் இருந்தால் போதும் என்று மாற்றிக் கொடுத்தார்.

அந்தப் பேரும் பண்ணையில் வைத்த பேர். வடக்கேயிருந்து வருகிறவர்களின் பேர் வாயில் நுழையாவிட்டால், கூண்டு கூட்டுகிற பொன்னாயி அவர்களுக்கு வேறு பேர் வைத்துவிடுவாள். போன ஆடியில் ஏஜெண்டு ஒருவன் ஒரே ஆளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். இருபது வயதிருக்கும், சிரித்த முகம். பேரைக் கேட்ட பொன்னாயி, "அதென்னமோ சாமி, எனக்கு வரலை. நீ ரங்கன். எங்க தம்பி பேரு" என்றுவிட்டாள். அவனும் சிரித்துக்கொண்டு ரங்கன் ஆனான். அபிநயா அவன் கொடுத்த காகிதத்தை ஸ்கேன் செய்துவிட்டு, எல்லாரும் கூப்பிடுகிறபடியே 'ரங்கன்' என்று அடித்தாள்.

ஆயுத பூஜை வந்தது. லாரியைக் கழுவினார்கள், கூண்டைக் கழுவினார்கள், தீவன மிஷினைத் துடைத்துச் சந்தனம் வைத்தார்கள். அர்த்தநாரியின் கண் கம்ப்யூட்டர்மேல் விழுந்தது. "எல்லாத்தையும் சுத்தம் பண்ணிப்போட்டு இதை மட்டும் அழுக்கா வெச்சா கும்புடறது?" என்றார். சர்வீஸ் செய்கிற கோகுல்ராஜைக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்வது என்றால் துணியால் துடைப்பது மட்டும் இல்லை, உள்ளே இருக்கிறதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றுவதுதான் என்று அவன் நினைத்தான். முதலாளியும் அதைத்தான் நினைத்தார். ஆனாலும் கோகுல்ராஜ் பொறுப்பான ஆள், அறிவழகனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கை வைத்தான்.

"அண்ணா, பார்மட் அடிக்கப் போறன். உங்க சாப்ட்வேருக்கு என்னென்ன எடுத்து வெக்கோணும்?"

அறிவழகன் அப்போது ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பொரி மூட்டை, இன்னொரு கையில் வாழைக்கன்று, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன்.

"வழக்கமாச் சொல்றதுதான் தம்பி. அந்த ஒரே ஒரு பைலு. அதை எடுத்து வெச்சுக்கிட்டீன்னா, கம்ப்யூட்டரையே கெணத்துல தூக்கிப் போட்டாலும் நான் பொழைக்க வெச்சுருவேன்."

அவன் அந்த ஒரே ஒரு கோப்பை, டேட்டாபேசை, பத்திரமாக எடுத்து வைத்தான். மிச்சத்தை அழித்தான். திரைக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். மறுநாள் சாப்ட்வேர் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆள் வேலைக்குச் சேருகிறபோது ஸ்கேன் செய்வதோடு சரி, அதற்கப்புறம் அந்தக் காகிதத்தை எவர் திறந்து பார்க்கிறார்கள்?

மார்கழியில் ரங்கனுக்குக் காய்ச்சல் கண்டது. பண்ணை வேனில் கொண்டுபோய் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சேர்த்த அன்றே கூட்டத்தில் அவன் போனை எவனோ லவட்டிக்கொண்டு போய்விட்டான். இரண்டொரு நாளில் ரங்கன் செத்துப்போனான்.

வீட்டுக்குச் சொல்ல வேண்டும். ஏஜெண்டின் நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. கூட வேலை செய்தவர்கள் ஒடிசாக்காரர்கள். அவன் ஜார்க்கண்ட் என்பது தெரியும், அதற்குமேல் அவர்களுக்குத் தெரியாது, அவர்களும் அவனை ரங்கன் என்றுதான் கூப்பிட்டார்கள். பண்ணைக்குள்ளேயே கிடக்கிறவனின் போன் நம்பரை யாரும் குறித்து வைத்திருக்கவில்லை. "அதான் காயிதம் கம்ப்யூட்டர்ல இருக்குதே" என்றார் அர்த்தநாரி. அபிநயா ரங்கன் பேரைத் தட்டினாள். திரையில் ஒரு கட்டம் வந்தது. 'கோப்பு கிடைக்கவில்லை. உதவிக்கு அறிவழகனைத் தொடர்பு கொள்ளவும்.' கீழே அவருடைய போன் நம்பர்.

தொடர்பு கொண்டார்கள். பொன்னாயி போனைப் பிடுங்கிப் பேசினாள். "சாமி, நீங்கதான் வந்து எடுத்துக் குடுக்கோணும். பெத்தவ மொகம் பார்க்காம அந்தப் பையனைப் பொதைச்சுப் போடாதீங்க."

"இதோ வாரேன். எங்கியும் போயிருக்காதுங்க, உள்ளதான் இருக்கும்" என்று தைரியம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். பண்ணைக்கு வந்து, அந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று டேட்டாபேசில் எழுதியிருந்த வரியைப் படித்தார். சி டிரைவ். போய்ப் பார்த்தார். அந்த ஃபோல்டரே இல்லை. பஸ் ஸ்டாண்டும் பொரி மூட்டையும் கோகுல்ராஜின் குரலும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இருபது வருஷமாக அவர் ஊர் ஊராகப் போய், ஏட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஹார்டு டிஸ்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு சேலத்துக்கு ஓடினார். அழிந்துபோனதை மீட்டுக் கொடுக்கிற கடை ஒன்று அவருக்குத் தெரியும். சாப்பிடாமல் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் முடிந்தவரை பார்த்தார். "மேல மேல எழுதிட்டாங்க சார். எனக்குத் தெரிஞ்சு இவ்வளவுதான் வரும்" என்று கொஞ்சம் படங்களைக் கொடுத்தார். பேரில்லாத படங்கள். ஒவ்வொன்றாகத் திறந்தார் அறிவழகன். ஒன்றில் பாதிக் காகிதம், மீதி சாம்பல் நிறம். ஒன்றில் யாரோ ஒரு பெண். எவருடைய அட்டையோ, எவருடைய கைநாட்டோ. ஒவ்வொன்றும் திறக்கும்போது, இதாக இருக்கட்டும் சாமி என்று வாய்விட்டே சொன்னார். கடைசிப் படம்வரை பார்த்தார். ரங்கன் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

ஆஸ்பத்திரி சொல்லி வந்த போலீசாரும் பொறுத்துப் பார்த்தார்கள். பேரில்லாமல், ஊரில்லாமல் எந்த ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்புவது? சவக்கிடங்கில் எத்தனை நாள்தான் வைப்பது? கடைசியில் ஊருக்கு வெளியே இருந்த இடுகாட்டில், கேட்பாரற்றவர்களைப் புதைக்கிற ஓரத்தில் புதைத்தார்கள். பண்ணையிலிருந்து நாலைந்து பேர் போயிருந்தார்கள். பொன்னாயி மண்ணைப் போட்டுவிட்டு, கூடப்பிறந்தவன் போன மாதிரி ஓவென்று அழுதாள். அறிவழகன் பின்னால் நின்றார்.

திரும்பி வரும்போது அர்த்தநாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். திரை வேகமாகத் திறக்கட்டும் என்று கோப்புகளை வெளியே எடுத்தது, சொல்ல மறந்தது, பஸ் ஸ்டாண்டில் சொன்ன பதில், எல்லாவற்றையும். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டினால் கொஞ்சம் ஆறும் என்றும் இருந்தது.

"உடுங்க. என்ன பண்றது. அவன் விதி" என்றார் அர்த்தநாரி. "அடுத்த தடவை பார்த்துப் பண்ணுங்க."

அவ்வளவுதான். ஒரு மனிதனுடைய பேரையே அழித்ததற்கு, பில்லில் ஒரு பைசா தப்பாக வந்ததற்குக் கிடைக்கிற ஏச்சுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெருமையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. புது வேலை கேட்டு வந்தவர்களை வேறு ஆளைப் பார்க்கச் சொன்னார். பழைய வாடிக்கைக்காரர்களின் ஆபீசுக்கு எல்லாம் ஒவ்வொன்றாகப் போய், அங்கேயும் இதே மாதிரி வெளியே எடுத்துப் போட்டிருந்த கோப்புகளை டேட்டாபேசுக்குள் திருப்பி வைத்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவருக்கே தெரியும்.

மாசியில் அபிநயா கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "அண்ணா, ரங்கனோட அப்பா வந்திருக்காருங்ணா."

மகனிடமிருந்து போன் வராமல் தவித்த மனிதர், ஏஜெண்டைத் தேடிப் பிடித்து, பண்ணையின் பேரை வாங்கிக்கொண்டு ரயில் ஏறியிருக்கிறார். அறிவழகன் போனபோது ஆபீஸ் நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் குந்தியிருந்தார். ஒல்லியான உடம்பு, மடியில் ஒரு துணிப்பை. ஸ்டேஷனுக்குப் போய், செத்தபிறகு எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பண்ணையில் வேலை செய்த ஒடிசாக்காரர் ஒருவருக்கு இந்தியும் தமிழும் வரும். அவர்தான் நடுவில் இருந்து சொன்னார்.

அவன் பேர் லக்கீந்தர். அறிவழகன் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அப்படி ஒன்றும் வாயில் நுழையாத பேர் இல்லை.

இடுகாட்டுக்குக் கூட்டிப்போனார்கள். மழை பெய்து மண் அமுங்கி, வரிசையாக இருந்த மேடுகளில் எது என்று காவலாளிக்கே நிச்சயம் இல்லை. "இந்தப் பக்கம்தாங்க" என்று பொதுவாகக் கையை நீட்டினார். கை நீண்ட பக்கமாகப் பார்த்து அந்த அப்பா நின்றார். அழவில்லை. அப்புறம் ஒடிசாக்காரரிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

"என்னங்க கேக்கறாரு?" என்றார் அறிவழகன்.

"ஊட்ல பையனோட போட்டோ ஒண்ணும் இல்லீங்களாம். போலீசு காட்டினதை அவங்க அம்மாகிட்டக் காட்ட முடியாதுன்றாரு. வேலைக்குச் சேந்தப்ப அவன் போன்ல சொல்லியிருக்கானுங்க, என் காயிதம், போட்டோ எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க, இனி எனக்கு ஒண்ணுன்னா உங்களுக்குத் தகவல் வந்துரும், பயப்படாதீங்கன்னு. அந்தப் போட்டோவை ஒரு பிரிண்டு போட்டுத் தருவீங்களான்னு கேக்கறாரு."

அறிவழகன் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"இல்லீங்க. அதை நான்தான் அழிச்சுப்போட்டேன். உங்க பையனோட பேரு, ஊரு, மொகம், எல்லாம் என்னாலதான் போச்சு. நான் ஒழுங்கா வெச்சிருந்தா அவனை உங்ககிட்டயே அனுப்பியிருப்போம். அப்படியே சொல்லுங்க அவருகிட்ட."

ஒடிசாக்காரர் அறிவழகனை ஒரு தரம் பார்த்தார். பிறகு அந்த அப்பாவின் பக்கம் திரும்பி, சின்னதாக ஏதோ சொன்னார். மூன்று நாலு வார்த்தைகூட இருக்காது. அவர் சரி என்று தலையசைத்தார். தொந்தரவு கொடுத்துவிட்டேன் என்கிற மாதிரி அறிவழகனைப் பார்த்துக் கைகூப்பினார்.

"என்ன சொன்னீங்க அவருகிட்ட?"

"போட்டோ இல்லையாம்னு சொன்னேனுங்க" என்றார் ஒடிசாக்காரர்.