கடலடித் தட்டும் களி டப்பா மூடியும்

1993, பொங்கல் முடிந்த வாரம். என் மச்சினன் முருகேசன் மூன்று வருடமாக வேலையில்லாதவன். ஓசூர்ப் பள்ளி ஒன்றில் புவியியல் வாத்தியார் இடம் காலி. காலை பத்து மணிக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். துணைக்கு நான். கிருஷ்ணகிரியிலிருந்து ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன். ஒன்பதாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். படிப்புதான் என்னை விடவில்லை.

ஏழு பத்துக்குப் பஸ், டிக்கெட் ஆறு ரூபாய். அவன் மடியில் தெர்மகோல் மாடல். கடலுக்கு அடியில் மலைத்தொடர் நடுவில் பிளந்து, உருகிய பாறை மேலே வந்து புதுத்தரை ஆகிறதாம். அப்படிப்பட்ட தொடர்கள் கூடும் இடத்தில், விலகிப் போகும் பெரிய பாறைத் தட்டுகளுக்கு நடுவே ஒரு குட்டித் தட்டு மாட்டிக்கொண்டு சுழலுமாம்.

சானமாவுக் காட்டில் டிரைவர் பிரேக் போட்டார். ரோட்டில் ஏழு யானைகள். முருகேசன் இரண்டு என்பான். அவன் பக்கத்து ஜன்னல் அழுக்கு. நான் எழுந்து பார்த்தபோது, அவனும் எட்டிப் பார்க்க மாடலை என் சீட்டில் வைத்திருக்கிறான். பஸ் கிளம்பிய வேகத்தில் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரிங்க மாமா" என்றான். தெர்மகோல் தூள் தூளாகியிருந்தது.

ஒன்பது மணி. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், வீட்டம்மா கட்டிக் கொடுத்த களி டப்பாவைத் திறந்தேன். வட்ட மூடி, அந்தக் குட்டித் தட்டு மாதிரி. சட்டென்று பொறி தட்டியது. ஃபேக்டரியில் ரோலர் மெஷின் ஓட்டுகிறவன் அல்லவா நான், இரண்டு பக்கமும் உரசினால் நடுவில் இருப்பது சுழலும் என்று தெரியாதா! மூடிக்கு இரண்டு பக்கமும் அவன் நோட்டுகளை ஒட்டி வைத்து, ஒன்றை முன்னே தள்ளி, மற்றதைப் பின்னே இழுத்தேன். மூடி சுழலாமல் வழுக்கியது.

கடைக்காரர், "களிய துன்னாம இன்னா சாமி வெளையாட்டு?" என்றார்.

விரலில் இருந்த களியை மூடியின் ஓரத்தில் தடவினேன். பிடித்துக்கொண்டது. மூடி அழகாகச் சுழன்றது.

முருகேசன் டீயைக் கீழே வைத்தான். "இன்னொரு தரம் பண்ணுங்க மாமா."

பாடம் நடந்தபோது மேசையில் மூடியும் நோட்டுகளும், நான் கடைசி பெஞ்சில். தலைமையாசிரியை அம்மா கிட்டே வந்து, மூடியின் ஓரத்தில் ஒட்டியிருப்பது என்ன என்று கேட்டார்.

"உருகி வர்ற புதுப் பாறைங்க மேடம்" என்றான், கூச்சமே படாமல்.

அவரே இரண்டு தரம் சுழற்றிப் பார்த்தார். "திங்கக்கிழமை வந்து சேந்துடுங்க. மூடி இங்கயே இருக்கட்டும்."

இந்த வழியில் போகிறவர்கள் கட்டுச்சோறு எடுத்துப் போங்கள். யானை பார்க்க எழுந்தால், உட்காரும் முன் சீட்டைப் பாருங்கள். மூடியைச் சானமாவில் யானை பிடுங்கிக்கொண்டது என்றுதான் என் வீட்டம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். தன் தம்பிக்கு வேலை கிடைத்ததால், எந்த யானை என்று அவளும் கேட்கவில்லை.